ஊருணியை மிதித்தவர்கள்

களத்துக்குப் போகும்போது குடை எடுத்துப் போங்கள். சாப்பாட்டு நேரத்தில் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்காதீர்கள். இந்த இரண்டையும் விட்டால் புதியவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னேன். நிர்வாகத்தில் விடவில்லை. ஓய்வு பெற்றவர்களிடம் அனுபவம் கொட்டிக் கிடக்கும் என்று யாரோ அவர்களை நம்பவைத்திருக்கிறார்கள். என்னிடம் முழங்கால் வலிதான் கொட்டிக் கிடக்கிறது. சரி, கேட்டுவிட்டீர்கள். ஓர் ஊருணியின் கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் நடந்தது இது. அப்போது காரைக்குடியில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருந்தேன். கிராமங்களுக்குச் சிறு மானியம் வாங்கித் தருவதும், அது உருப்படியாகச் செலவாகிறதா என்று கூடவே இருந்து பார்ப்பதும் என் வேலை. 'காலநிலை மாற்றத் தகவமைப்பு' என்று நீங்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறீர்கள். எனக்கு இன்றைக்கும் பாதியில் மூச்சு வாங்கும். ஊரில் அதை "மழை ஏமாத்துது" என்றார்கள். ஐப்பசி, கார்த்திகை முழுக்கப் பரவலாகப் பெய்ய வேண்டிய மழை, காத்திருக்க வைத்துவிட்டு, வந்தால் ஒரே மூச்சாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். கொட்டுகிற நேரத்தில் பிடித்துவைத்தால் உண்டு. இல்லாவிட்டால் அடுத்த ஐப்பசி வரை குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான். அப்படிப் பிடித்துவைக்கத்தான் எங்கள் மானியம்.

தேவகோட்டையில் பஸ் ஏறி, இறங்கி, வெயிலில் கொஞ்சம் நடந்தால் வருகிற ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊர்ப் பிள்ளைகள் உங்களோடு கல்லூரியில் படித்தவர்களாகக்கூட இருக்கலாம். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளாக ஒரு தெரு, விவசாயக் குடும்பங்கள் இருக்கும் தெருக்கள், வயலைத் தாண்டித் தெற்கே காலனி. கிணறுகளில் எல்லாம் உப்புத் தண்ணீர். குடிப்பதற்கு இருந்தது ஊர் நடுவில் இருந்த ஊருணி ஒன்றுதான். எந்தக் காலத்திலோ ஒரு செட்டியார் குடும்பம் வெட்டிவைத்தது. நாலு பக்கமும் செம்பாறைக் கல்லில் படி.

அந்த ஊருணிக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. செருப்புக் காலோடு கரை ஏறக்கூடாது. குளிக்கக்கூடாது, துணி துவைக்கக்கூடாது. ஆடு மாடு அண்டக்கூடாது. யாருடைய காலும் தண்ணீரில் படக்கூடாது. படியில் நின்று குனிந்து மோந்துகொண்டு ஏறிவிட வேண்டும். இதையெல்லாம் யாரும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. ஆனால் யாரும் மீறி நான் பார்த்ததில்லை. எனக்குப் பிடித்துப்போன கட்டுப்பாடுகள்.

பிடிக்காத ஒன்றும் இருந்தது. காலனிக்காரர்கள் படியில் இறங்கக்கூடாது.

அவர்கள் கரையில் குடத்தை வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். ஊர்ப் பெண்களில் யாராவது மனது வைத்து மோந்து வந்து, தங்கள் குடம் இவர்கள் குடத்தில் பட்டுவிடாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். பாதி வெளியே சிந்தும். அதற்குப் பிறகு இன்னொரு கஷ்டம். காலனி தூரம், அதனால் தலையில்தான் சுமக்க வேண்டும். நிறைகுடத்தைத் தலைக்கு ஏற்ற இன்னொருத்தி கை கொடுக்க வேண்டும். ஊர்ப் பெண்கள் ஒருவருக்கொருவர் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். காலனிப் பெண் தனியாக வந்திருந்தால், குடத்தைக் கரைக் கல்லின் மேல் தம் கட்டி ஏற்றி, அதன் கீழே குனிந்து, தலையை உள்ளே கொடுத்துத் தானே எழுந்திருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிய பெண் பக்கத்திலேயே நிற்பார். கை கொடுக்க மாட்டார்.

அப்படிப் பெரும்பாலும் தனியாக வருகிறவள் பூமயில். நாற்று நடவும் களை எடுக்கவும் போகிற பெண், என்னைவிடச் சில வயது மூத்தவள். அப்படிப் பெரும்பாலும் ஊற்றுகிறவர் மீனாள், ஊர் அம்பலத்தின் மனைவி. அம்பலம் என்றால் கோயில் காரியத்திலும் பஞ்சாயத்திலும் ஊரின் முதல் மரியாதைக்காரர். மீனாள் கெட்டவர் இல்லை. அவர் வீட்டில் நான் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன். யார் நின்றாலும் முகம் சுளிக்காமல் ஊற்றுவார். ஊற்றுவதே பெரிய தர்மம் என்று நினைத்திருந்தார், அவ்வளவுதான். எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் ஆத்திரமாக வரும்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "இது சட்டப்படி குற்றம், தெரியுமா? மனு எழுதுவோமா?" என்று பூமயிலிடம் கேட்டேன். அவள் தலையில் வைக்கும் சும்மாட்டைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

"எழுதுங்க டீச்சரம்மா. போலீசு ஒரு நா வருவாக. மறுநா நீங்க காரைக்குடிக்குப் போயிருவீக. நாங்க இவுக வயல்லதான நாத்து நடணும்?"

நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் இல்லை. கைப்பை மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற பெண் டீச்சராகத்தான் இருக்க முடியும் என்று ஊரில் முடிவு செய்துவிட்டார்கள். மறுத்துப் பார்த்தேன், பலிக்கவில்லை.

ஊருணியைத் தூர்வார மானியம் கிடைத்தது. கமிட்டி போட்டோம். அம்பலம் தலைவர். காலனியிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. பூமயிலைப் போட்டார்கள். பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம் நடக்கும்போது அவள் ஓரத்தில் தூணோடு ஒட்டி உட்கார்ந்திருப்பாள். வாயைத் திறக்க மாட்டாள். இன்னொரு விதியும் உண்டு. உடலுழைப்பு தருகிற ஏழைகளிடம் இலவசமாக வேலை வாங்கக்கூடாது, நியாயமான கூலி கொடுக்க வேண்டும். இந்த விதியைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை. கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிச் சொல்லி, ஊர்க்காரர்களுக்கு மனப்பாடமாகியிருந்தது.

தூர்வாரும்போதுதான் கெட்டது. அம்பலத்தின் மைத்துனர் ரோடு வேலைக்குக் கொண்டுவந்திருந்த மண்வாரி இயந்திரம் பக்கத்தில் நின்றது. அதைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த ஊர் அதுவரை அப்படி ஒரு இயந்திரம் பார்த்ததில்லை. திருவிழாக் கூட்டம். வண்டல் முழுக்க எடுத்தாயிற்று. நிறுத்தியிருக்கலாம். "இன்னும் கொஞ்சம் ஆழமாத்தான் போகட்டுமே, தண்ணி கூட நிக்கும்ல" என்றார் அம்பலம். கரையில் நின்ற அத்தனை பேரும் "ஆமா, ஆமா" என்றோம். காலனிக்காரர்களும் சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில் ஊரே ஒற்றுமை.

அடியில் இருந்த களிமண்தான் தண்ணீரைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதைக் கிழித்துக்கொண்டு கீழே இருந்த சரளைக்குப் போய்விட்டோம். புரட்டாசியில் ஒரு நல்ல மழை பெய்தது. ஊருணியில் முழங்கால் அளவு நின்ற தண்ணீரைப் பார்த்து அம்பலம் எனக்குக் கைகொடுத்தார். வாரம் திரும்புவதற்குள் அத்தனையும் உள்ளே இறங்கிவிட்டது. அடியில் ஈரம்கூட இல்லை.

அம்பலத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டீக்கடையில் அவர் காதுபடவே "அம்பலம் ஊருணிய டீ வடிகட்டியா மாத்திட்டாரு" என்று பேசினார்கள். அதைப் பேசியவர்களும் "ஆமா, ஆமா" சொன்னவர்கள்தான். மனிதர் டீக்கடைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. பெருமழை வருவதற்குள் ஓட்டையை அடைக்காவிட்டால், ஒரு வருஷத்துக்கு ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை.

எங்கள் செயலாளர், பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரை அழைத்து வந்து காட்டினார். அவர் இறங்கிப் பார்த்துவிட்டு, வழி ஒன்றுதான் என்றார். கண்மாய்க் களிமண்ணைக் கொண்டுவந்து அடி முழுக்கப் பரப்பி, நனைத்து, இடைவெளி விடாமல் இறுக்க வேண்டும். வெயிலில் வெடிப்பு விடுவதற்குள் ஒரே வீச்சில் முடிக்க வேண்டும். ரோடு ரோலர் உள்ளே இறங்காது. ஆட்டுக் கிடையை விட்டு மிதிக்க வைக்கலாம் என்றார். ஊர் மொத்தமும் முகம் சுளித்தது. "குடிக்கிற தண்ணியில புழுக்கையா?" என்றார் மீனாள். அப்படியானால் மனிதக் கால்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் அந்தப் பொதுப்பணித் துறைக்காரர்.

ஒரு காலும் படக்கூடாத ஊருணியை இப்போது ஊரே மிதிக்க வேண்டும்.

மறுநாள் காலையிலேயே பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம். கிழக்கே மேகம் ஏறிக்கொண்டிருந்தது. அம்பலம் எழுந்து, "இது ஊரு வேலை. தலைக்கட்டுக்கு ரெண்டு ஆளு வந்து மிதிக்கணும்" என்றார்.

தலைக்கட்டு என்றால் என்ன என்று உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். பொதுக் காரியத்துக்கு ஒரு குடும்பத்தை ஒரு கணக்காக வைப்பது. கோயில் வரி தலைக்கட்டுக்கு இவ்வளவு, கண்மாய்க்கரை கட்டத் தலைக்கட்டுக்கு ஓர் ஆள் என்று வரும். அந்த வேலைக்குக் கூலி கிடையாது. கூலி கேட்டால் கேவலம். தலைக்கட்டாக எண்ணப்படுகிறவருக்கு ஊர்க்கூட்டத்தில் பேச்சு உண்டு, திருவிழாவில் பங்கு உண்டு. காலனியை யாரும் தலைக்கட்டாக எண்ணியதில்லை. அவர்களை வேலைக்குக் கூப்பிடுவார்கள், ஏதாவது கொடுத்து அனுப்புவார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஆள் போதவில்லை. பாதி வீடுகளில் இளைஞர்கள் சிங்கப்பூரில் இருந்தார்கள், இல்லாவிட்டால் கோயம்புத்தூர் மில்லில். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகளுக்குப் போகிறவர்களை நிறுத்தி வைத்தாலும் ஊருணியில் பாதிதான் மிதிக்க முடியும்.

"கொறைக்குக் காலனி ஆளுகளக் கூலிக்கு விட்டுருவோம். அதான் மானியத்துல கூலி தர்றாகள்ல" என்றார் அம்பலம். எனக்கும் சரியாகத்தான் பட்டது. தலையை ஆட்டினேன்.

தூண் ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "கூலிக்குன்னா நாங்க மிதிக்க வரமாட்டோம்யா."

பூமயில் எழுந்து நின்றிருந்தாள். கூட்டத்தில் அவள் பேசி அன்றைக்குத்தான் கேட்டார்கள். அம்பலம், "ஏன், மிதிக்கிறதுல என்ன கொறஞ்சு போச்சு?" என்றார்.

"மண்ணு வெட்டக் கூலிக்கு வாரோம். சொமக்க வாரோம். மிதிக்கிறது ஊரு வேலைன்னு இப்பத்தான சொன்னீக? ஒங்க தெருவுல கேட்ட மாதிரி எங்க தெருவுலயும் தலைக்கட்டுக்கு ரெண்டு ஆளு கேளுங்க. சும்மா வந்து மிதிக்கிறோம்."

எனக்குப் புரியவில்லை. அவளுக்காகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "பூமயில், சும்மா எதற்கு? கூலி உங்கள் உரிமை" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. விவரம் தெரியாத விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "டீச்சரம்மா, கூலி வாங்குனா அவுக ஊருணிக்கு நாங்க வேலை செஞ்சதாகும். வாங்காட்டி எங்க ஊருணிக்கு நாங்க செஞ்சதாகும்."

அவளுக்குப் பின்னால் காலனிக்காரர் ஒருவர், "வயித்துக்கு என்ன செய்ய?" என்று முனகினார். பஞ்ச காலம், அவர் கேட்டதிலும் தப்பில்லை. பூமயில் திரும்பி, "மண்ணு சொமக்கக் கூலி வருதுல்லண்ணே? ஒரு நா மிதிச்சா ஒண்ணும் கொறஞ்சு போயிர மாட்டோம்" என்றாள்.

அம்பலம் மெதுவாகக் கேட்டார். "சரி. மிதிச்சுட்டு?"

"மிதிச்சுட்டு, தண்ணி நின்னா, எறங்கி மோந்துக்குவோம்யா."

வராந்தாவில் சத்தம் கிளம்பிவிட்டது. சிலர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். ஒருவர், நல்ல விவரமானவர், குரலை உயர்த்தாமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "மானியத்துல சும்மா வேலை வாங்கக்கூடாது, கூலி கொடுத்தே ஆகணும்னு டீச்சரம்மாதான சொன்னாக? அப்ப அந்தம்மா சொல்றது சட்டப்படி முடியாதுல்ல?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பெருமையாகச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்துவைத்த விதி. ஏழைகளைக் காப்பாற்றுவதற்கென்று எழுதப்பட்டது. அதையே எடுத்து, பூமயிலைப் படியில் இறங்க விடாமல் தடுக்க ஒரு தடியாகப் பிடித்துவிட்டார் அவர். ஆமாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்லாமலேயே காரியம் முடிந்துவிடும். செயலாளரைக் கேட்கலாம் என்றால் போன் பேச தேவகோட்டைக்குப் போக வேண்டும். போய் வருவதற்குள் கூட்டம் கலைந்துவிடும். மேகம் வேறு ஏறிக்கொண்டிருக்கிறது. கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"மண் வெட்டுகிறவர்களுக்கும் சுமக்கிறவர்களுக்கும் கூலி உண்டு. யார் செய்தாலும் ஒரே கூலி" என்றேன். "மிதிக்கிறதுக்குக் கூலி கிடையாது. எந்தத் தெருவுக்கும் கிடையாது. அது ஊர் வேலை. அதில் மானியம் தலையிடாது."

அப்படி ஒரு விதி எங்கேயும் இல்லை. அந்த நிமிஷத்தில் உண்டாக்கினேன். பிறகு செயலாளரிடம் போய்ச் சொன்னேன். "என்னக் கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். நல்ல வேளை, கேக்கல" என்றார். எனக்கு வாய்த்த மேலதிகாரிகளில் அவரைத்தான் நான் பெரியவராக நினைக்கிறேன், அந்த ஒரு வாக்கியத்துக்காக.

ஆனால் கூட்டம் என் பேச்சில் அடங்கவில்லை. அடக்கியவர் மீனாள். பெண்கள் பக்கத்திலிருந்து எரிச்சலோடு எழுந்து, "என்னத்துக்கு இம்புட்டுச் சத்தம்?" என்றார். "நாளெல்லாம் குனிஞ்சு நிமுந்து அவுகளுக்கு ஊத்தி ஊத்தி எனக்கு இடுப்பே போச்சு. சத்தம் போடுறவுக யாராச்சும் ஒரு நா வந்து ஊத்துனீகளா? அவுகளே மோந்துக்கட்டும் போங்க."

ஒரு பெண் சிரித்தாள். பிறகு பல பேர் சிரித்தார்கள். அதில் பெரிய கொள்கை எதுவும் இல்லை, இடுப்பு வலிதான். ஆனால் துண்டை உதறியவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மனைவி சொன்னதில் அம்பலத்துக்கு முகம் கறுத்துவிட்டது. வானத்தைப் பார்த்தார். இந்த ஊருணியில் தண்ணீர் நிற்காவிட்டால் சாகும்வரை தன் பெயரோடு அந்த வடிகட்டிப் பேச்சு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அவருக்குத் தெரியும். "வெள்ளிக்கெழம. தலைக்கட்டுக்கு ரெண்டு ஆளு. ரெண்டு பக்கமும்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

மோந்துகொள்வதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் போல இருந்தது. இரண்டடி வைத்தேன். பூமயில் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். ஒரு மனிதர் வாயால் சொல்ல முடியாததைச் சொல்லவைக்க நாம் நெருக்கினால், அவர் மறுத்துத்தான் ஆக வேண்டியிருக்கும். அவளுக்கு அது தெரிந்திருந்தது. நாமோ எதையும் எழுத்தில் வாங்கியே பழகியவர்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அதற்குள் கண்மாய்க் களிமண் ஊருணியின் அடியில் பரப்பியாகிவிட்டது. செருப்புகளைக் கரைக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினார்கள். முதல் காலை வைக்கத் தயங்கினார்கள் எல்லோரும். பிறந்ததிலிருந்து படாத இடம். சிலர் குனிந்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டுதான் வைத்தார்கள். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக மிதித்தார்கள். கிண்டலும் கூச்சலுமாக இருந்தது. நானும் மிதித்தேன். கணுக்கால் வரை புதைந்து, ஒவ்வொரு முறையும் காலைப் பிடுங்கி எடுக்க வேண்டும். என் முழங்கால் வலி அன்றைக்குத்தான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

மதியத்துக்குள் பெரும்பகுதி முடிந்துவிட்டது. கரையில் ஏறி நின்று பார்த்தபோது எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஊர்க்காரர்கள் வடக்குப் பாதியை மிதித்திருந்தார்கள். காலனிக்காரர்கள் தெற்குப் பாதியை மிதித்திருந்தார்கள். நடுவே கிழக்கு மேற்காக ஒரு கோடு போல, ஒருவர் காலும் படாத மண். யாரும் சொல்லிவைத்துச் செய்யவில்லை. இரண்டு பக்கமும் அந்த இடம் வரை வந்து, வந்து, திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு வந்திருந்த எங்கள் செயலாளர் அதைப் பார்த்துவிட்டார். "அந்த நடுவுல விட்டா அது வழியாத்தான் மொத்தத் தண்ணியும் போகும்! எல்லாப் பாடும் வீண்!" என்று கத்தினார். இரண்டு வரிசையும் அசையாமல் நின்றன. நீ வா என்று இவர்களும் சொல்லவில்லை, நான் வருகிறேன் என்று அவர்களும் சொல்லவில்லை. மனிதர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பொறுமை இழந்து, "நான் மிதிச்சுக் காட்டுறேன்" என்று விறுவிறுவென்று இறங்கி அந்தக் கோட்டில் கால் வைத்தார். வைத்த வேகத்தில் வழுக்கி, மல்லாக்க விழுந்து, களிமண்ணில் புதைந்துபோனார்.

"ஐயையோ, ஐயா விழுந்துட்டாக!" என்று இரண்டு பக்கமும் ஓடின. தூக்கப் போனவர்களில் சிலர் அவர் மேலேயே விழுந்தார்கள். அம்பலத்தின் கை பூமயிலின் அண்ணனைப் பிடித்திருந்தது, அவர் கை செயலாளரின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தது. எல்லோரும் தலையிலிருந்து கால்வரை ஒரே மண். யார் எந்தத் தெரு என்று கரையில் நின்ற எனக்கே தெரியவில்லை. சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. செயலாளரை ஒருவழியாக நிமிர்த்தியபோது, அந்தக் கோடு இருந்த இடம் மற்ற எல்லா இடத்தையும்விட நன்றாக மிதிபட்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மண் அப்பிய கையால் கண்ணைத் துடைத்து அதுவேறு எரிச்சல்.

அந்த மழைக்காலம் எங்களை ஏமாற்றவில்லை. பெய்த அன்று நான் ஊரில் இல்லை. விட்டுவிட்டுப் பெய்து, கொஞ்ச நாள் வெறித்த பிறகுதான் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி வேகமாக நடந்தேன். ஊருணிக் கரையில் ஏறிப் பார்த்தேன். கீழ்ப் படிகள் மூழ்கிக் கிடந்தன. தண்ணீர் செம்மண் கலங்கல் தெளிந்து, அசையாமல் நின்றது. பெருமூச்சு விட்டேன். ஆனால் தீர்ந்தது பாதிக் கவலைதான்.

அன்றைக்குத்தான் ஊருணியில் தண்ணீர் எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். முதல் குடம் மோந்து அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோயாகிவிட்டது. ஊர்ப் பெண்கள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். பூமயில் குடத்தோடு கரையில் நின்றாள், எப்போதும் நிற்கிற இடத்தில். அவளோடு வேறு யாரும் வரவில்லை. என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு வரலாம் என்று மற்றவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். எதிர்க் கரையில் அம்பலம் நின்றிருந்தார்.

படியில் இருந்த மீனாள் பழக்கதோஷத்தில் தன் குடத்தை நிரப்பிக்கொண்டு ஏறிவந்து, ஊற்றுவதற்காகத் தூக்கினார். பூமயில் தன் குடத்தை இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டாள். மீனாளைத் தாண்டி முதல் படியில் கால் வைத்தாள். படியில் இருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். எல்லோரும் பார்த்தது எதிர்க் கரையைத்தான்.

அம்பலம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாத்து எறங்கு. படி வழுக்கும்" என்றார்.

"நாங்க மிதிச்ச எடந்தானய்யா, எங்களுக்கு வழுக்காது" என்றாள் பூமயில்.

குனிந்தாள். குடத்து அடியால் தண்ணீரை இரண்டு முறை விலக்கிவிட்டு, முக்கி எடுத்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்து கரையில் வைத்தாள். சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். வழக்கமாக அடுத்து அந்தக் கரைக் கல்லைத் தேடிப் போவாள். அன்றைக்குப் போகவில்லை. அதுவரை 'ஆத்தா' என்றே அழைத்துவந்த மீனாளை நிமிர்ந்து பார்த்தாள்.

"யக்கா, ஒரு கை புடிங்க."

மீனாள் அவளைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். தன் குடத்தைக் கீழே இறக்கி வைத்தார். "எனக்கு இடுப்பு வலின்னு சொன்னேன்ல, மெதுவாத் தூக்குடி" என்று சொல்லிக்கொண்டே குனிந்து, பூமயிலின் குடத்தில் கை வைத்தார்.